விழாத கைரேகையும் நின்றுபோன 1,200 ரூபாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கடலூர் செம்மண்டலத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேலையின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் நம் மாவட்டத்து முந்திரிக்காட்டுப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கழிந்தன. அந்த ஊரில் இன்றும் எனக்கு நர்ஸம்மா என்றுதான் பேர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் தாக்கல் வந்துவிடும். போன ஆவணியில் ஒரு வளைகாப்புக்குப் போனேன். அங்கே பார்த்ததையும், அதற்குப் பிறகு ஐந்து மாதமாக அலைந்ததையும் எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பு வீட்டுக்கு எதிரே திண்ணையோரம் சாக்கை விரித்து ஓர் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வயது 66. கணவர் இல்லை, தனியாக இருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவருக்கும் தடுப்பூசி போட்டதே நான்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தார், எழுந்த வேகத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, விரல் நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சுற்றி நின்றவர்கள் வெயில் மயக்கம் என்றார்கள். எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. வளைகாப்பு வீட்டு அடுப்படிக்கு ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு கை சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தேன். நினைவு இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்க முடிந்தது. கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

"காலையில என்னக்கா சாப்ட்ட?"

"மாத்திரை போட்டுட்டேன் நர்ஸம்மா."

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

பதில் இல்லை. சாக்கில் சிதறிக் கிடந்த பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தார்.

உள்ளே போய் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொடுக்கும் மாத்திரைகள். பக்கத்திலேயே குறிப்பேடு. பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எத்தனை மாத்திரை கொடுத்தோம், என்ன தேதி என்று ஒரு மாதம் விடாமல் எழுதியிருந்தது. மாதா மாதம் வந்து அதை எழுதும் தன்னார்வலர் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது மனதாரச் சந்தோஷப்பட்டவள் நான். அதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்க வேண்டும் என்றால் ஒருநாள் கூலி போய்விடும். அதனாலேயே பாதிப் பேர் இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். பக்கவாதம் வந்த பிறகு கட்டிலோடு பார்ப்போம். இப்போது மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது.

ஆனால் அந்த வீட்டுக்கு மாத்திரை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. ரேஷன் அரிசியும் இரண்டு மாதமாக வாங்கவில்லை. ஒருவேளை கஞ்சி, அதுவும் பக்கத்து வீட்டில் வாங்கிய கடன் அரிசியில். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று எந்தச் செவிலியருக்கும் தெரியும். அன்று நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், வெயில் மயக்கம் என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்திருப்பார்கள்.

உதவித்தொகை ஏன் நின்றது? அவருடைய விரலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பண்ருட்டி முந்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை உடைக்கும் கையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொத்துவிடும் அளவுக்குக் காரம். கட்டையால் ஒரு தட்டு தட்டி ஓட்டைப் பிளந்து பருப்பை எடுக்கும்போது அந்த எண்ணெய் விரல் நுனியில்தான் பிசுபிசுவென்று ஒட்டும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் முதலில் கருக்கும், பிறகு வெடிக்கும், பிறகு தோல் உரியும். உரிந்த இடத்தில் புதுத்தோல் வருவதற்குள் மறுபடியும் எண்ணெய். இருபது முப்பது வருடம் இப்படிப் போனால் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடுகிறது. அந்த அம்மாவின் பெருவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு கூட இல்லை.

இவருக்கும் ஒரு காலத்தில் சொந்தமாகக் கொஞ்சம் முந்திரி மரம் இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் வேரோடு சாய்ந்தது. அன்று முதல் அடுத்தவர் கொட்டையைக் கூலிக்கு உடைக்கிறார்.

உதவித்தொகையைக் கொடுக்க வங்கி முகவர் ஒரு பையன் கைரேகை பார்க்கும் கைக்கருவியோடு ஊருக்கு வருவான். நல்ல பையன்தான். அவன் வந்த ஒருநாள் நானும் கூட இருந்து பார்த்தேன். "ஆயா, நல்லா அழுத்தி வைங்க ஆயா" என்றான். அழுத்தினார். சிவப்பு விளக்கு. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னான். சோப்பு போட்டுக் கழுவி, புடவைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்து வைத்தார். சிவப்பு. யாரோ தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். தடவினார். சிவப்பு. பத்து விரலும் வைத்தாயிற்று. வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். கடைசியில் "அடுத்த மாசம் பார்க்கலாம் ஆயா" என்றான். இவரும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். ஏதோ தன் மேல்தான் தப்பு என்பதுபோல அவர் கையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இதற்கு முன்பும் இப்படியே மூன்று மாதம் தொடர்ந்து பணம் எடுக்கப்படாமல் போயிருக்கிறது. அதைப் பார்த்து, ஆள் ஊரில் இல்லை என்று குறித்து உதவித்தொகையையே நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் கேட்டபோது கணினியைப் பார்த்து இப்படித்தான் சொன்னார்கள். ஆள் ஊரில்தான் இருக்கிறார். மாதா மாதம் ஒரு பெண் வந்து அவருக்குப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போகிறாள். ஒரு துறையின் நோட்டில் இருக்கிற ஆள் இன்னொரு துறையின் கணினியில் இல்லை.

ரேஷன் கதையும் அதே விரலில்தான் தொடங்குகிறது. கைரேகை விழவில்லை என்றால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லலாம் என்றார்கள். குடும்ப அட்டையில் கொடுத்திருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் எண். பகல் ஷிப்டில் அவன் போனை எடுக்க முடியாது. இவர் கடை வாசலில் பையோடு நிற்க, அங்கே அவன் சட்டைப்பையிலோ பெட்டியிலோ அந்த எண் வந்து காலாவதியாகிவிடும். இரண்டு முறை அப்படித் திரும்பியவர் மூன்றாம் முறை போகவே இல்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றவே மாட்டாத விஷயம். முகவரின் கருவியில் ரேகை விழாவிட்டால், வங்கிக் கிளைக்கு நேரில் போய்ப் பாஸ்புக்கைக் காட்டி, பணம் எடுக்கும் சீட்டில் மை தொட்டுப் பெருவிரல் வைத்து வாங்கலாம். ஆதார் மையத்தில் கண்ணின் கருவிழியைப் பதிந்து புதுப்பிக்கலாம். கடைக்குப் போக முடியாத முதியவர்கள் இன்னொருவரை நியமித்து ரேஷன் வாங்கிக்கொள்ளப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இருந்து, தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எல்லாம் இருக்கிறது. இதில் ஒன்றைக்கூட அந்த அம்மாவிடம் ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. சொன்னாலும் தனியாகப் போய்ச் செய்திருக்க மாட்டார். ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய், எந்த ஜன்னலில் நிற்பது என்று தெரியாமல் நின்று, "அந்தாண்ட போய்க் கேளும்மா" என்ற பதிலோடு திரும்புவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

நான் கூடப் போனேன். கருவிழிப் பதிவு ஒருநாள். வங்கிக் கிளை ஒருநாள். ஊர் நிர்வாக அலுவலரைப் பார்க்க மூன்று நாள். அவரையும் ஒன்றும் சொல்வதற்கில்லை, இரண்டு ஊரைச் சேர்த்துப் பார்க்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்கு நான்கு முறை. கடலூர் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு இரண்டு முறை. கடைசியில் நிறுத்தியதை நீக்கினார்கள். பேசத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த, ஓய்வூதியம் வாங்குகிற, அரசு அலுவலகம் எப்படி நடக்கும் என்று 31 வருடம் பார்த்த எனக்கே இவ்வளவு நாள் ஆயிற்று.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெண்ணின் கணவர் கொத்தனார், 48 வயது. விடியற்காலையில் நெஞ்சுவலி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். அங்கே இதயம் காப்போம் திட்டத்தில் கொடுக்கும் 14 மாத்திரைகளை உடனே கொடுத்து, 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது அதனால்தான். ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், காப்பீட்டு அட்டை கொண்டு வாருங்கள் என்றபோதுதான் தெரிந்தது, அட்டையே எடுக்கவில்லை என்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பார்க்கலாம். இவர்கள் குடும்பத்துக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. ஆனால் கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்தும் அவர் பெயர் ஊரில் அண்ணன் குடும்ப அட்டையிலேயே இருந்தது. கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க, அந்தப் பெண் பெயர் நீக்கவும் சேர்க்கவும் வருமானச் சான்று வாங்கவும் இரண்டு பிள்ளைகளோடு அலைந்தாள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். அவசரம் என்று தெரிந்துகொண்டு ஒரு கம்ப்யூட்டர் கடையில் 400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எப்படியோ முடிந்தது, ஆள் நலம். இதைப் படிக்கும் யாராவது இன்னும் அட்டை எடுக்காமல் இருந்தால், நோய் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் எடுத்துவிடுங்கள்.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் புகுந்ததே, அப்போது ஆற்றோரக் குடியிருப்புகளுக்கு உதவிக்குப் போயிருந்தேன். தண்ணீர் வடிந்த மறுநாள் துணிக்கொடிகளில் துணி இல்லை. ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் சாதிச் சான்று, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழை வீட்டில் பாத்திரத்துக்கு முன்னால் காப்பாற்ற வேண்டியது அந்தப் பைதான் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு பெரியவர் தன் பழைய ஈசிஜி தாளை என்னிடம் நீட்டினார். முழுக்கக் கறுத்திருந்தது. வெள்ளத்தால் அல்ல, அந்தத் தாளே அப்படித்தான். வெப்பம் பட்டால் கறுக்கும், நாளானால் எழுத்து மங்கிவிடும். ஈசிஜி எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று இப்போதெல்லாம் பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

சரி, என்ன செய்யலாம் என்கிறாய் என்று கேட்பீர்கள். புதுத் திட்டம் எதையும் நான் கேட்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவக் குறிப்பேட்டில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் கட்டம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். இந்த மாதம் உதவித்தொகை கைக்கு வந்ததா? ரேஷன் வாங்கினீர்களா? அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குள் போய், முதியவர்களின் கையைத் தொட்டுப் பார்த்துப் பேசுகிற ஆள் அந்தப் பெண்தான். வரவில்லை என்று அவள் எழுதினால், அதைப் பார்த்து அந்த வாரமே எடுத்துப் பேச ஒன்றியத்துக்கு ஒருவர் வேண்டும். மனுவை வாங்கி வைப்பதோடு நிற்காமல் அவர்களோடு வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூட நடக்கிற ஒருவர். இதை அந்தத் தன்னார்வலர் பெண் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. அவளுக்குக் கிடைப்பது மிகச் சொற்பமான ஊக்கத்தொகை. இரண்டு கட்டம் நிரப்பச் சொல்வதென்றாலும் அதற்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேலையை ஏற்றிக்கொண்டே போய்ச் சம்பளத்தை அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் துணை நிலையங்களில் நிறையவே பார்த்திருக்கிறோம்.

அப்புறம், உதவித்தொகையை நிறுத்தினாலோ மனுவைத் தள்ளினாலோ காரணத்தைத் தமிழில் இரண்டு வரி எழுதி வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். இப்போது குறுஞ்செய்தியாகப் போகிறது. யார் போனுக்கு? மனு போட்ட கடைக்காரர் போனுக்கு, திருப்பூர் மகன் போனுக்கு. முதுநகர் பக்கம் மீன் விற்கும் ஒரு பாட்டியின் மனுவை, மகன் இருப்பதாகக் காரணம் காட்டித் தள்ளி எட்டு மாதம் ஆகியிருந்தது. பாட்டி இன்னும் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி கம்ப்யூட்டர் கடைப் போனில் கிடந்தது. தபால்காரர் வந்து ஓர் அட்டையைக் கொடுத்திருந்தால் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையாவது படித்துச் சொல்லியிருக்கும்.

முந்திரி உடைக்கிற ஊர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று கேட்கிறேன். கருவிழிப் பதிவு முகாமை அந்த ஊர்களிலேயே நடத்துங்கள். ரேஷன் கடை, வங்கி முகவர் இரண்டு இடத்திலும் வேலை செய்கிற கருவிழிக் கருவி இருக்க வேண்டும். 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின் முகாம்களை நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில்தான் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் பந்தல் போட்டு மனு வாங்க முடிகிறது என்றால், கண்ணைப் பதியவும் முடியும். இந்தப் பெண்கள் யாரும் ரேகையை வேண்டுமென்று தொலைத்தவர்கள் இல்லை. நாம் பாயசத்தில் போடும் பருப்புக்காகத் தேய்ந்த விரல்கள் அவை.

இதுபோல வீட்டில் முதியவர் யாராவது தவித்தால் முதியோர் உதவி எண் 14567க்கு அழைக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100. மருத்துவ ஆலோசனைக்கு 104. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள், மனுவில் எழுதும் கைப்பேசி எண் உங்கள் வீட்டில் இருக்கும் போனின் எண்ணாக இருக்கட்டும்.

அந்த அம்மாவின் பாஸ்புக்கில் போன மாதம் 1,200 ரூபாய் ஏறிவிட்டது. டாக்டரிடம் காட்டி மாத்திரை அளவையும் மாற்றியாயிற்று. சாப்பிட்ட பிறகுதான் போடுகிறார். நின்றுபோன மாதங்களின் பணம் இன்னும் வரவில்லை. அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர் கடலூர் வருகிறார். நான் பஸ் நிலையத்தில் போய் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
செம்மண்டலம், கடலூர்.